வகுப்பில் நோயாளி உறங்கியது குறித்து

அனுப்புநர்:
கற்பித்தல் உதவி ஒருங்கிணைப்பாளர்,
செவிலியர் பயிற்சிப் பள்ளி (இணைப்புக்குப் பின், ஒருங்கிணைந்த மருத்துவக் கல்வி நிலையத்தின் செவிலியர் கல்விப் பிரிவு),
பழைய கட்டடம், இரண்டாம் மாடி, செயல்முறை அறை.

பெறுநர்:
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
நிறுவன இணைப்புப் பணிகள்,
புதிய நிர்வாகக் கட்டடம்.

பொருள்: செயல்முறை வகுப்பில் நான் உறங்கியதால் ஆசிரியை ஒருவருக்கு ஏற்பட்ட பாதிப்பு – அவரை மீண்டும் வார்டுப் பணிக்கு அனுப்பும் ஆணையை நிறுத்தக் கோருதல் – புதிதாகக் கற்பிக்க வரும் செவிலியர்களுக்கான உதவி முறையைத் தொடரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என்னிடம் விளக்கம் கேட்கும் தங்கள் அலுவலகக் குறிப்பாணை. 2. கற்பித்தல் மதிப்பீட்டுக் குழுவின் குறிப்புகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று எனக்கு. பணி நேரத்தில், மாணவியர் முன்னிலையில், கட்டிலில் படுத்து உறங்கியது ஏன் என்று அதில் கேட்கப்பட்டுள்ளது. நான் பல ஆண்டுகளாக அந்தக் கட்டிலில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். ஏன் படுக்கிறாய் என்று இதுவரை எந்த அலுவலரும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவர் தாங்கள்தான். எனவே பதிலைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

2. மற்றொரு தாளின் நகல் மட்டுமே எனக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்களிடம் கற்பிக்க வந்திருக்கும் ஆசிரியைக்குக் கற்பிக்கும் திறன் போதவில்லை என்றும், வரும் திங்கட்கிழமை முதல் அவர் வார்டுப் பணிக்கே திரும்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. என் தாளைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவருடையதைப் படித்ததும் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த மனு அவர் பொருட்டு எழுதப்படுகிறது. அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் எழுத விட்டிருக்க மாட்டார்.

3. என் வேலை இன்னதென்று தங்கள் கோப்பில் ஒரு வரியில் இருக்கும். அதை நான் சற்று விளக்க வேண்டியுள்ளது. வார்டில் நன்றாகப் பணி செய்யும் செவிலியரைத் தேர்ந்தெடுத்து, நாளை முதல் நீங்கள் ஆசிரியை என்று ஆணை கொடுக்கிறார்கள். முந்தைய நாள் வரை இருபது நோயாளிகளைத் தனியாகச் சமாளித்தவர், வகுப்பில் இருபது மாணவியர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்ததும் வெலவெலத்துப் போகிறார். ஊசி போடத் தெரியும். ஊசி போடுவதைச் சொல்லித் தரும்போது எங்கே தொடங்குவது, எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் கையாலேயே காட்டுவது என்று தெரியாது. கை தானாகச் செய்துவிடும் வேலைக்குப் பிற்பாடு சொற்களைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் அவர்களோடு நிற்பதுதான் கற்பித்தல் உதவி. பாடத்தை முன்கூட்டியே ஒருமுறை எனக்கு நடத்திக் காட்டச் சொல்வேன். கால அட்டவணையில் அவர்களுக்கு மூச்சு விட இடம் வைப்பேன். முதல் பருவம் முழுவதும் அவர்களுடைய செயல்முறை வகுப்புகளில் நோயாளியாகப் படுப்பேன்.

4. படுக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வகுப்பு தொடங்கும் நேரத்தில் எங்கள் பயிற்சிப் பொம்மையின் கை தோளோடு கழன்று தரையில் விழுந்துவிட்டது. அன்று தம் முதல் வகுப்பை எடுக்க வந்திருந்தவர் என்னோடு ஒன்றாகப் படித்த தோழி. ஏற்கெனவே பயத்தில் வெளிறிப் போயிருந்தவர், கையில்லாத நோயாளியைப் பார்த்ததும் அழுதே விடுவார் போலிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். அவர் நாடி பார்க்க என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய விரல்கள் நடுங்கின. போர்வைக்கு அடியில் என் கட்டைவிரலால் அவர் கையை ஒருமுறை அழுத்தினேன். நான் இருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அவர் பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்கினார்.

5. நாளடைவில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. ஒருமுறை அழுத்தினால், மெதுவாகச் சொல்லுங்கள். இருமுறை அழுத்தினால், நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். விடாமல் அழுத்திப் பிடித்தால், நன்றாகப் போகிறது, என்னைப் பார்க்க வேண்டாம். நான் இருமினால் பின் வரிசையில் அரட்டை நடக்கிறது. ஆசிரியைக்குப் பேச்சு அறவே நின்றுபோனால், நான் "அம்மா... தண்ணி..." என்று முனகுவேன். தண்ணீர் கொடுக்கும் நேரத்தில் அவருக்கு அடுத்த வரி நினைவுக்கு வந்துவிடும். ஒருமுறை நான் முனகியதை நிஜமென்று நம்பி ஒரு மாணவி மருத்துவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு அன்று முழு மதிப்பெண் கொடுத்தோம். மாணவியர் என்னைக் கட்டில் அக்கா என்று அழைக்கிறார்கள். கை அழுத்தும் சங்கதி தமக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளும் மரியாதையும் அவர்களுக்கு உண்டு. வகுப்பறையில் ஓர் ஆசிரியையை எல்லார் முன்னிலையிலும் திருத்தினால் அவருக்குத் தலை குனிவு. மணிக்கட்டில் திருத்தினால் அந்த இருவருக்கு மட்டுமே தெரியும்.

6. இனி இணைப்பு பற்றி. மூன்று பள்ளிகளை ஒன்றாக்கியதை நான் குறை சொல்லவில்லை. புதிய கட்டடத்தில் மின்தூக்கி இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, மழை பெய்தால் வாளி தேட வேண்டியதில்லை. இவற்றுக்காகத் தங்களை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் மூன்று பள்ளி ஆசிரியைகளும் மூன்று வீட்டு மருமகள்கள் ஒரே அடுக்களையில் நிற்பதுபோல நிற்கிறார்கள். ஒருவர் பாடத்தைத் திரையில் படமாகப் போட்டே பழகியவர். ஒருவர் கரும்பலகை இல்லாமல் பேசாதவர். எங்களுடையவர்கள் கட்டிலைச் சுற்றியே வளர்ந்தவர்கள். பாடத்திட்டம் மாறியது, அறை மாறியது, யாரிடம் விடுப்புக் கேட்பது என்பதுகூட மாறியது. உதவி மிகவும் வேண்டியிருந்த அந்த நேரத்தில்தான் எங்கள் கற்பித்தல் உதவிப் பிரிவு கலைக்கப்பட்டது. என்னோடு இருந்த இருவர் வரவேற்பு மேசைக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சிய நான் பொருள்களை இடம் மாற்றும் பணியையும் பார்த்துக்கொண்டு, பழைய வழக்கத்தை விடாமல் கட்டிலிலும் படுத்துக்கொண்டிருந்தேன்.

7. எங்கள் பிரிவுக்குப் பதிலாகக் கணினியில் உதவிக் கோரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டுள்ளது. ஆசிரியை தன் சிக்கலை எழுதி அனுப்பினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வரும். படம் திரையில் தெரியவில்லை என்பது போன்ற சிக்கல்களுக்கு இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் வகுப்பின் நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்பவருக்கு நாளை மறுநாள் வரும் பதில் எப்படி உதவும் என்று எனக்கு விளங்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் விழுகிறது. யார் எத்தனை முறை உதவி கேட்டார் என்பது மதிப்பீட்டுக் குழுவின் திரையில் தெரிகிறது. ஆகவே ஒருவரும் கேட்பதில்லை. ஒருவரும் கேட்காததால் ஆசிரியைகளுக்கு உதவி தேவைப்படவில்லை என்று மாத அறிக்கை சொல்கிறது. மருந்தகத்தை மூடிவிட்டு ஊரில் நோயே இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பானது இது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

8. அந்த ஆசிரியை பற்றி. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைப் பஞ்சு சிஸ்டர் என்பார்கள். கையும் பஞ்சு, குரலும் பஞ்சு. அவர் ஊசி போட்டு முடித்த பிறகு, "எப்ப சிஸ்டர் போடப் போறீங்க?" என்று கேட்ட நோயாளிகள் உண்டு. பல ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் அவருடைய முதுகு போய்விட்டது. இனிக் கனம் தூக்கினால் தாமே படுக்கையில் விழ நேரும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் எழுத்து வேலை கேட்டுப் போயிருப்பார்கள். இவர் கற்பிக்க வேண்டும் என்று கேட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சது என் கையோட போயிடக் கூடாதுக்கா" என்றார்.

9. வந்தவருக்கு வகுப்பில் குரல் எழும்பவில்லை. முதல் நாள் முன் வரிசைக்கே கேட்கவில்லை. சத்தமாகப் பேசுங்கள் என்று நான் சொன்னால், "வார்டுல சத்தம் போட்டா பக்கத்துப் படுக்கை முழிச்சுக்கும்" என்பார். இது வார்டு இல்லையே என்றால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அதே குரலில்தான் தொடங்குவார். வீட்டில் தலையணையைப் படுக்க வைத்து மகள் முன்னால் பாடம் நடத்திப் பழகினார். பள்ளி செல்லும் அந்தப் பெண், "அம்மா, தலையணை செத்தே போச்சு, நீ இன்னும் பேசிக்கிட்டே இருக்க" என்றாளாம். இதை என்னிடம் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் தேற மாட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். வார்டில் உயிருக்குப் போராடுபவரைப் பார்த்துக் கலங்காதவர் அப்படிச் சொன்னதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

10. நான் அவரை விடவில்லை. தொடக்கத்தில் ஒரு வகுப்பு முடிவதற்குள் அவர் கையை எத்தனை முறை அழுத்தினேன் என்று கணக்கே இல்லை. என் கட்டைவிரல் வலிக்கும். பிறகு அது குறைந்தது. குரல் பெரிதாகவில்லை. ஆனால் தெளிவாகிவிட்டது. மாணவியர் காதைக் கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அவர் பேசும்போது வகுப்பில் நாற்காலி நகரும் சத்தம்கூட வராது. தாம் செய்வதை அப்படியே சொற்களாக்கும் வித்தை அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "இப்ப என் விரல் எங்க இருக்கு பாருங்க. ஏன் இங்க வெச்சேன்?" என்று கேட்பார். அவர்கள் பதில் தேடும் வரை பொறுமையாகக் காத்திருப்பார். காத்திருப்பதுதான் புது ஆசிரியைகளுக்கு மிகவும் கடினமான பாடம். அதை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வார்டில் வலியால் துடிப்பவரின் அருகில் நின்று அவரே கற்றது அது.

11. குறிப்பாணையில் உள்ள நாளுக்கு வருகிறேன். அன்று பாடம், நோயாளியின் நாடித்துடிப்பும் மூச்சும் பார்ப்பது. மதிப்பீட்டுக் குழு உறுப்பினர் வருவார் என்று அறிவித்திருந்தார்கள். குறித்த நேரத்துக்கு அவர் வரவில்லை. வேறொரு வகுப்பில் தாமதமாகிவிட்டது என்று பின்னர் அறிந்தேன். எனவே அவரில்லாமலே ஆசிரியை தொடங்கினார். நான் வழக்கம்போலப் படுத்திருந்தேன். அதற்கு முந்தைய நாட்களில் பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையே பொம்மைகளையும் தட்டுகளையும் சுமந்து அலைந்த களைப்பு உடம்பில் இருந்தது உண்மை. ஆனால் களைப்பை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். இதைவிடக் களைத்த நாட்களிலும் அந்தக் கட்டிலில் நான் கண்ணசந்ததில்லை. எப்போது தடுமாறுவார், எப்போது கை கொடுக்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவளுக்கு உறக்கம் எங்கிருந்து வரும்? அன்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் நடுங்கவில்லை. முதல் கேள்வியைக் கேட்டார். மாணவி பதில் சொன்னாள். அவர் அடுத்ததற்குப் போனார். இனி எனக்கு இங்கே வேலை இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

12. ஐயா, நான் உறங்கினேன். குறட்டை விட்டேனா என்பதைக் குறிப்பாணை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. விட்டதாகவே மாணவியர் சொல்கிறார்கள்.

13. அதன் பின் நடந்தவற்றுக்கு நான் சாட்சியாக முடியாது. மாணவியர் சொன்னதைச் சொல்கிறேன். ஆசிரியை பேச்சின் நடுவில் என் கையில் எந்தப் பதிலும் இல்லாததைக் கவனித்திருக்கிறார். குனிந்து முகத்தைப் பார்த்திருக்கிறார். முதலில் அவருக்குப் பயம் வந்திருக்கிறது. நாடியையும் மூச்சையும் உதட்டின் நிறத்தையும் உண்மையாகவே சோதித்திருக்கிறார். இது வெறும் உறக்கம் என்று உறுதியானதும் அவர் முகம் மலர்ந்ததாம். உதட்டில் விரல் வைத்து, எல்லாரையும் கட்டிலருகே வரச் சொல்லிக் கையசைத்திருக்கிறார். பிறகு மெல்லச் சொன்னாராம்: "நோயாளி தூங்குறாங்க. வார்டுல பாதி நேரம் இப்படித்தான் இருக்கும். எழுப்பாம எப்படிப் பாக்கறதுன்னு இன்னைக்குப் படிச்சுக்கலாம்."

14. மாணவியர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடையில் வந்து சூழ்ந்திருக்கிறார்கள். முழித்திருப்பவரிடம் மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றி விடுவார், தூங்குபவரின் மூச்சுதான் பொய் சொல்லாது என்று ஆசிரியை விளக்கியிருக்கிறார். ஒவ்வொருவராக என் மூச்சை எண்ணியிருக்கிறார்கள். ஒரு மாணவி, "டீச்சர், இவங்க கால் சில்லுனு இருக்கு, போர்வைய இழுத்து விடட்டுமா?" என்று காதோடு கேட்க, "இதுக்கெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, செய்யுங்க" என்றாராம். இந்தக் கட்டத்தில்தான் குழு உறுப்பினர் பின் கதவு வழியாக உள்ளே வந்திருக்கிறார். வந்தவர் கண்டது: கட்டிலில் ஒரு பணியாளர் உறங்குகிறார், மாணவியர் இருக்கையில் இல்லை, ஆசிரியை பேசுவது காதில் விழவில்லை. எந்தக் கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரிந்திருக்கும். அவர் மேல் எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை. உள்ளே வருபவரிடம் நிலைமையை விளக்க வேண்டியவள் நான். நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

15. நான் கண் விழித்தபோது வகுப்பு முடிந்து அறை காலியாக இருந்தது. சன்னல் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் மூடி போட்ட குவளையில் தண்ணீர் இருந்தது. ஒரே ஒரு மாணவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நோயாளிய தனியா விடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. மாத்தி மாத்தி உக்காந்திருக்கோம்" என்றாள். நான் செவிலியராகப் பல காலம் இருந்திருக்கிறேன். பிறரைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவள். என்னை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டது அதுவே முதல் முறை. அந்தப் பெண் முன்னால் அழக் கூடாதென்று தண்ணீரைக் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

16. இப்போது குழுவின் மூன்று குறிப்புகளையும் தாங்கள் மறுபடியும் படிக்க வேண்டுகிறேன்.
(அ) ஆசிரியையின் குரல் பின் வரிசைக்குக் கேட்கவில்லை. பின் வரிசையில் யாரும் இல்லை. எல்லாரும் கட்டிலருகே இருந்தார்கள்.
(ஆ) மாணவியர் இருக்கையை விட்டு எழுந்து நின்றனர், வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. இருபது இளம்பெண்கள் ஓர் உறங்குபவரைச் சுற்றி நின்றும் அவர் விழிக்கவில்லை என்றால், இதற்கு மேல் கட்டுப்பாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.
(இ) பணியாளர் உறங்கியதை ஆசிரியை கண்டிக்கவில்லை. இது உண்மை. அவர் என்னை எழுப்பவில்லை. நோயாளியாகக் கருதினார்.

17. இதையெல்லாம் ஆசிரியையே குழுவிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி தங்களுக்கு எழும். குழு உறுப்பினர் அவரைக் கேட்டிருக்கிறார். அவர் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டு நான் அவரிடம் சண்டையே போட்டேன். "நான் ஏன் மெதுவா பேசினேன்னு சொன்னா, நீங்க நிஜமாவே தூங்கினீங்கன்னு சொல்லணும். இந்த இணைப்புல யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. விடுங்கக்கா" என்றார். முதுகு என்ன ஆவது என்று கேட்டேன். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டே, "பெல்ட் போட்டுக்கலாம்" என்றார். சட்டைப் பொத்தான் அறுந்துபோனதைப் பற்றிப் பேசும் குரலில் அதைச் சொன்னார்.

18. அலுவலகத்தில் எழுத்தர் தம்பி எனக்கு வழியொன்று சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டு நோயாளியா நடிச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா, முடிஞ்சுது கதை. யாரு வந்து இமையைத் தூக்கிப் பாக்கப் போறாங்க?" என்றார். நல்ல மனதோடு சொன்னார். அவர் சொன்னபடி எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். குறிப்பாணை முடிந்துபோகும், என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகள் அமைதியாகக் கழியும். ஆனால் நான் நடித்தேன் என்றால், ஓர் ஆசிரியை காரணமேயில்லாமல் கிசுகிசுத்தார் என்றாகிவிடும். நான் உறங்கியது உண்மை என்றால்தான் அவர் கற்பித்ததும் உண்மையாகும். அதனால் பார்வை 1-இல் கேட்ட விளக்கத்துக்கு என் பதில் இதுதான்: பணி நேரத்தில் உறங்கினேன். அதற்கு விதிப்படி என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

19. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:
முதலாவதாக, மேற்படி ஆசிரியையை வார்டுக்குத் திருப்பி அனுப்பும் ஆணையைத் திங்கட்கிழமைக்கு முன் நிறுத்திவைத்து, அவருடைய வகுப்பை மறுபடியும் மதிப்பிட ஏற்பாடு செய்ய வேண்டும். அன்று இருந்த மாணவியரையும் விசாரிக்க வேண்டும். அவர்கள் எனக்குப் பரிந்து பேச மாட்டார்கள். குறட்டையைச் சொன்னவர்கள் அவர்கள்தானே.
அடுத்ததாக, யார் உதவி கேட்டார் என்ற விவரம் மதிப்பீட்டுக் குழுவின் பார்வைக்குப் போகாமல் இருக்க வேண்டும். உதவுபவரும் எடைபோடுபவரும் ஒருவரே ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.
மேலும், மூன்று பள்ளிகளிலிருந்தும் புதிதாகக் கற்பிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் பருவத்தில் கட்டிலில் ஒரு துணை கிடைக்கச் செய்ய வேண்டும். அது நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சு ஆசிரியையே அதற்குப் பொருத்தமானவர். அவர் கனம் தூக்கத்தான் கூடாது, படுப்பதற்குத் தடையில்லை. படமாகப் போட்டுப் பழகிய ஆசிரியைக்கும் கரும்பலகை ஆசிரியைக்கும் வேறு வகைத் துணை வேண்டியிருக்கலாம். அவர்களிடமே கேட்டுச் செய்யலாம். கேட்டால் சொல்வார்கள், எண் மட்டும் விழக் கூடாது.

20. மறுமதிப்பீட்டுக்கு ஒரு யோசனை சொல்ல அனுமதி வேண்டும். பின் வரிசையிலிருந்து பார்த்தால் அவர் கற்பிப்பது தெரியாது. நாளை வெள்ளிக்கிழமை முற்பகல் அவருக்கு ஒரு செயல்முறை வகுப்பு இருக்கிறது. இப்போதைய ஆணைப்படி அதுவே அவருடைய கடைசி வகுப்பு. தாங்களே வந்து அந்தக் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விரிப்பு துவைத்து விரித்திருக்கிறேன். ஐயாவின் உயரத்துக்குக் கால் சற்று வெளியே நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்மை வார்டுக்கு அனுப்ப ஆணையிட்டவர் தாங்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்துப் போட்ட கையைத்தான் அவர் நாடி பார்க்கப் பிடிக்கப் போகிறார். பிடிப்பதற்கு முன் தம் இரு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கையால் யாரையும் அவர் தொட்டதில்லை. தங்களையும் தொட மாட்டார்.

இவ்வளவையும் பொறுமையாகப் படித்ததற்கு நன்றியுடன்,

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
கற்பித்தல் உதவி ஒருங்கிணைப்பாளர்

இடம்: செயல்முறை அறை, பழைய கட்டடம்
நாள்: வியாழக்கிழமை

நகல்: மதிப்பீட்டுக் குழு உறுப்பினர் அவர்களுக்கு, அன்று வரவேற்க இயலாமற்போன வருத்தத்துடன்.